இடது கக்கத்தில் நெறி கட்டிய பிள்ளை: பிசிஜி ஊசி பற்றி ஒரு தாய்க்குப் பதில்

களக்காட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். பையனுக்கு மூன்று மாதம் முடிந்திருக்கிறது. பிறந்த மறுநாள் இடது கையில் பிசிஜி ஊசி போட்டார்கள். பத்து நாளாக இடது கம்புக்கூட்டில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. காய்ச்சல் இல்லை, பால் நன்றாகக் குடிக்கிறான். மற்றதை அவர் வார்த்தையிலேயே தருகிறேன்: "ஆச்சி சுண்ணாம்பும் கருப்பட்டியும் குழைச்சுப் போடணும்னு நிக்காவ. எங்க வீட்டுல ஆச்சிதான் மாமியாரும். பக்கத்து வீட்டு அண்ணன் கீறி விட்டா ஒரே நாள்ல வத்திரும்ங்காவ. இன்னொருத்தர் இது டி.பி.தான்னு சொல்லிட்டாவ. மூத்தவன் அஞ்சு மாசத்துல பேதியும் நெஞ்சுச் சளியுமா கெடந்து தவறிட்டான், அதனால பயமா இருக்கு. இனிப் பிறக்கிற பிள்ளைக்கு இந்த ஊசியே வேண்டாம்னு சொல்லிரலாமா?"

பாளையங்கோட்டையில் முப்பது வருடத்துக்கு மேல் பச்சைப் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்த்தவள் நான். கட்டியைப் பற்றிய கேள்விக்குப் பதில் எளிது. நான் நின்றுவிட்டது மூத்தவனைப் பற்றிய அந்த ஒரு வரியில். கட்டியை முதலில் முடித்துவிட்டு அதற்கு வருகிறேன்.

பிசிஜி என்பது டி.பி. என்ற காசநோயைத் தடுக்கப் போடும், உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசி. பிரான்சில் கால்மெட், குவெரின் என்ற இருவர் மாட்டுக்கு டி.பி. வரவைக்கும் கிருமியை எடுத்து, பித்தநீரில் நனைத்த உருளைக்கிழங்குத் துண்டுகளில் 1908 முதல் 13 வருடம், சுமார் 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து அதன் வீரியத்தை இறக்கினார்கள். 1921-இல் பாரிஸில் ஒரு பச்சைப் பிள்ளைக்கு முதன்முதலாகக் கொடுத்தார்கள். நம் கிண்டியில் 1948-இல் இதற்கென்றே ஆய்வுக்கூடம் வந்தது. இவ்வளவும் சொல்வதற்குக் காரணம் உண்டு. உள்ளே போவது உயிருள்ள, ஆனால் நோய் உண்டாக்கும் பலம் இழந்த கிருமி. அது தோலில் கொஞ்ச நாள் வாழ்ந்து, அங்கிருந்து பக்கத்து நெறிக்கு, அதாவது நிணநீர் முடிச்சுக்கு, போய், உடம்புக்குத் தன்னை அடையாளம் காட்டவேண்டும். அப்போதுதான் உடம்பு டி.பி.யோடு சண்டை போடப் பழகும். இடது கையில் போட்ட ஊசிக்குப் பக்கத்து நெறி இடது கக்கத்தில் இருக்கிறது. எல்லாப் பிள்ளைக்கும் இடது கையிலேயே போடவேண்டும் என்ற விதியால் எங்களுக்கு ஒரு சௌகரியம்: இரண்டு வயதுக்குள் இடது கக்கத்திலோ இடது காறை எலும்புக்கு மேலோ மட்டும் வலியில்லாமல் ஒரு நெறி வீங்கினால் முதல் சந்தேகம் பிசிஜி மேல்தான் போகும்.

ஊசி போட்ட இரண்டு மூன்று வாரத்தில் அந்த இடத்தில் சிறு பொட்டு எழும்பும். பிறகு அது பெருத்து, உடைந்து, கொஞ்சம் சீழ் கசிந்து, ஆறி, வட்டத் தழும்பாகும். மூன்று மாதம் வரைகூட ஆகலாம். இது சிக்கலே இல்லை, ஊசி வேலை செய்வதன் அடையாளம். அதன் மேல் மஞ்சள், விபூதி, களிம்பு எதுவும் போடவேண்டாம். தழும்பே விழாத பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு மறுபடி ஊசி தேவையில்லை என்றே உலக சுகாதார நிறுவனம் இப்போது சொல்கிறது.

உங்கள் பையனுக்கு வந்திருப்பது அதற்கு அடுத்த படி. நெறி கொஞ்சம் அதிகமாகவே வீங்கிவிட்டது. தொட்டால் அழவில்லை, மேல்தோல் சிவக்கவில்லை, காய்ச்சல் இல்லை என்றால் பெரும்பாலும் சில மாதங்களில் தானாக வற்றிவிடும். மருந்து கொடுத்தால் சீக்கிரம் வற்றும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. எரித்ரோமைசின் சிரப்பும் டி.பி. மாத்திரையான ஐசோனியாசிட்டும் பல காலம் கொடுத்துப் பார்க்கப்பட்டவை. கட்டி சீழ் பிடிப்பதை அவை தடுப்பதாக உறுதியாகவில்லை. ஆகவே மருந்துக்கடையில் கேட்டு எதுவும் வாங்க வேண்டாம்.

சில பிள்ளைகளுக்கு நெறி சீழ் பிடிக்கும். தோல் சிவந்து பளபளக்கும், விரலால் அமுக்கினால் உள்ளே நீர் தளும்புவது தெரியும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 10 லட்சம் பிள்ளைகளில் 100 முதல் 1000 பேருக்கு இப்படி ஆகலாம், பெரும்பாலும் இரண்டு முதல் ஆறு மாதத்துக்குள். ஊசி தோலுக்குள்ளேயே நிற்காமல் ஆழமாக இறங்கியிருந்தாலும், அளவு கூடியிருந்தாலும் வாய்ப்பு அதிகம். பிறந்த ஒரு மாதத்துக்குள் 0.05 மில்லி, அதற்கு மேல் 0.1 மில்லி என்று அளவைப் பிரித்து வைத்திருப்பதே, பச்சைத் தோலில் பெரிய அளவு தங்காமல் உள்ளே இறங்கிவிடக்கூடும் என்பதற்காகத்தான்.

சீழ் பிடித்தாலும் கீறக் கூடாது. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். சாதாரணக் கொப்புளத்தைக் கீறினால் சீழ் வெளியேறி ஆறிவிடும், நம் ஊரில் எல்லோரும் பார்த்ததுதான். இந்தக் கட்டி அப்படி இல்லை. கீறிய வாய் மூடாது. உள்ளிருந்து புரையோடி மாதக்கணக்கில் கசியும். வெளியே ஓரிடத்தில் கீறிவிடப்பட்டு என்னிடம் வந்த ஒரு பெண் குழந்தைக்குச் சட்டையின் இடது பக்கம் ஐந்து மாதம் ஈரமாகவே இருந்தது. கடைசியில் மயக்கம் கொடுத்து நெறியையே எடுக்க வேண்டி வந்தது. சரியான வழி, பக்கத்தில் உள்ள நல்ல தோல் வழியாகக் கொஞ்சம் பெரிய ஊசியைச் செலுத்திச் சீழை உறிஞ்சி எடுப்பது. மறுபடி நிரம்பினால் மறுபடி உறிஞ்சலாம். அதற்கும் அடங்காவிட்டால்தான் அறுவைச் சிகிச்சை. ஆச்சியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: சுண்ணாம்பு பட்டால் பச்சைத் தோல் வெந்துவிடும். அவர்கள் கை வைத்தியத்தில் பெரியவர்களுக்குக் கட்டி பழுத்து உடைவதைப் பார்த்திருப்பார்கள். இந்தக் கட்டி பழுக்கவே வேண்டாம் என்பதுதான் நம் ஆசை.

டி.பி.தான் என்று சொன்னவருக்கு. சீழை எடுத்து அரசு ஆய்வுக்கூடங்களில் உள்ள சிபிநாட் கருவியில் வைத்தால் டி.பி. இருக்கிறது என்றே முடிவு வரலாம். அந்தக் கருவி டி.பி. குடும்பத்துக் கிருமிகள் அனைத்தையும் ஒன்றாகவே காட்டும். பிசிஜியும் அந்தக் குடும்பம்தான். ஊசி வரலாற்றைக் கேட்காதவர் அந்தத் தாளை மட்டும் பார்த்து ஆறு மாத டி.பி. சிகிச்சையைத் தொடங்கிவிடக்கூடும். வீட்டில் யாருக்கும் நாள்பட்ட இருமல் இல்லை, கட்டி இடது கக்கத்தில் மட்டும்தான், எடை ஏறுகிறது என்றால் அது ஊசிக் கிருமியால் வந்த நெறி. ஒட்டாது, பரவாது. பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவதற்கு யாரும் பயப்பட வேண்டாம்.

இனி அந்த ஒரு வரிக்கு வருகிறேன்.

அம்மாவைப் பெற்ற ஆச்சிதான் மாமியார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நீங்கள் கட்டியிருப்பது தாய்மாமனை. மூத்த பிள்ளை, ஆண், ஐந்து மாதத்தில் நிற்காத பேதியோடும் நெஞ்சுச் சளியோடும் தவறியிருக்கிறான். இளையவனுக்கு இப்போது பிசிஜி நெறி. இந்த மூன்றும் சேர்ந்தால் ஒரு குழந்தை மருத்துவர் நிமிர்ந்து உட்கார வேண்டும்.

பிசிஜி கிருமியை அடக்கி வைப்பது ஊசியின் வேலை இல்லை, பிள்ளையின் உடம்பின் வேலை. கிருமியை விழுங்கும் அணுக்கள், அவற்றுக்குக் கொல்லச் சொல்லி உத்தரவு கொடுக்கும் டி அணுக்கள், அந்த உத்தரவைக் கொண்டுபோகும் இன்டர்ஃபெரான் காமா என்ற பொருள் என்று இது ஒரு சங்கிலி. பல ஆயிரம் பிள்ளைகளில் ஒன்று இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி இல்லாமலே பிறக்கிறது. டி அணுக்களே இல்லாமல் பிறந்தால் 'சிட்' என்று சுருக்கிச் சொல்லும் கடுமையான கூட்டு நோயெதிர்ப்புக் குறைபாடு. அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளையெல்லாம் சோதித்தபோது சுமார் 58,000-க்கு ஒருவருக்கு அது இருந்தது. விழுங்கிய கிருமியைக் கொல்ல முடியாத அணுக்களோடு பிறப்பது இன்னொரு வகை. இன்டர்ஃபெரான் உத்தரவு போய்ச் சேராதது மூன்றாவது வகை. அதில் பல பிள்ளைகளுக்கு முதல் அறிகுறியே பிசிஜி போட்ட பிறகு வரும் நோய்தான்.

இப்படிப்பட்ட பிள்ளைக்கு அந்தப் பலமிழந்த கிருமியே போதும். கக்கத்து நெறியோடு நிற்காமல் மற்ற நெறிகள், கல்லீரல், மண்ணீரல், நுரையீரல், எலும்பு என்று பரவிவிடும். 10 லட்சம் பிள்ளைகளில் இரண்டு பேருக்கும் குறைவாகவே இப்படி வரும். அந்த இரண்டு பேர் எங்கே பிறப்பார்கள் என்பதுதான் கேள்வி. இந்தக் குறைபாடுகளில் பல, அம்மாவிடமிருந்து ஒன்று அப்பாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பழுதான மரபணு சேர்ந்தால் வருபவை. தாய்மாமனும் அக்கா மகளும் நாலில் ஒரு பங்கு மரபணுவைப் பொதுவாகக் கொண்டவர்கள். இருவரும் ஒரே பழுதைச் சுமந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு. சொந்தத்தில் கட்டியதைக் குற்றமாக நான் சொல்லவில்லை. நம் தாமிரபரணிக் கரையில் பாதி வீடுகளின் உறவே அதில்தான் பின்னியிருக்கிறது. சொந்தத்தில் கட்டிய மிகப் பெரும்பான்மையானவர்களின் பிள்ளைகள் நல்ல ஆரோக்கியத்தோடுதான் வளர்கிறார்கள். சொந்தமே இல்லாத வீட்டிலும் தாய் வழியாக ஆண் பிள்ளைகளை மட்டும் தாக்கும் சிட் வகை உண்டு. அதனால் உங்கள் அம்மாவுக்குச் சிறுவயதிலேயே தவறிய தம்பிமார், உங்களுக்குத் தவறிய உடன்பிறந்தவன் யாராவது இருந்தார்களா என்றும் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

பல வருடத்துக்கு முன் நான் பார்த்த ஒரு பையன் நினைவில் இருக்கிறான். நாலு மாதம். கக்கத்தில் கட்டி, வாயில் வெண்படலம். நெறி வற்றிவிடும் என்று சொல்லி அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து வந்தபோது கழுத்திலும் தொடை இடுக்கிலும் நெறி, ஈரல் வீங்கியிருந்தது. கிளம்பும்போது அந்த அம்மா மெதுவாகச் சொன்னாள், "இதுக்கு முந்தி ரெண்டு இப்படித்தான் போச்சு." நான் கேட்டிருக்க வேண்டியதை அவள் சொன்னாள். அந்தப் பிள்ளையை எங்களால் காப்பாற்ற முடியவில்லை. தவறிய பச்சைப் பிள்ளையைப் பற்றி நம் வீடுகளில் பேசமாட்டார்கள். அடுத்ததையே மூத்தது என்று சொல்லிவிடுவார்கள், அது துக்கத்தைத் தாங்கும் வழி. கர்ப்ப கால அட்டையில் மட்டும் அது இருக்கும். ஜி, பி, எல் என்ற எழுத்துக்களில் 'எல்' என்பது உயிரோடு உள்ள பிள்ளைகளின் எண்ணிக்கை. அதன் பக்கத்தில் உள்ள பூஜ்யத்தைப் பிரசவ வார்டு பார்க்கும், ஊசி போடும் அறை பார்க்காது. அதற்குப் பிறகு, தவறிய பிள்ளை உண்டா என்று கேட்காமல் நான் எந்தப் பிள்ளையையும் தொட்டதில்லை.

உங்கள் பையனுக்கு அந்தக் குறைபாடு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பால் குடிக்கிறான், காய்ச்சல் இல்லை என்பதெல்லாம் நல்ல செய்தி. மூத்தவன் சாதாரண நிமோனியாவிலும் போயிருக்கலாம். ஆனால் பார்க்காமல் விடக்கூடாது, பார்ப்பதும் கஷ்டமில்லை.

இந்த வாரமே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக் குழந்தைகள் பிரிவுக்குப் போங்கள். உடம்பு முழுவதும் நெறி தேடச் சொல்லுங்கள். ஈரல், மண்ணீரல், வாய், எடை பார்க்கட்டும். ரத்தத்தில் அணுக்களின் முழு எண்ணிக்கையை எடுக்கட்டும். அந்தத் தாளில் லிம்போசைட் என்ற வரியைக் கவனிக்கச் சொல்லுங்கள். டி அணுக்களும் சேர்ந்த வெள்ளை அணு வகை அது. பல லேப்களில் பக்கத்தில் அச்சடித்திருக்கும் 'நார்மல்' பெரியவர்களுக்கு உரியது. பெரியவருக்கு 2,000 என்பது சரி. மூன்று மாதப் பிள்ளைக்கு அது குறைவு. 3,000-க்குக் கீழே இருந்தாலே மறுபடி எடுத்துப் பார்க்கவேண்டும். இந்த ஒரு இடத்தில் தவறவிடப்பட்ட பிள்ளைகளை நான் அறிவேன். நெஞ்சு எக்ஸ்ரேயில், டி அணுக்கள் பக்குவமாகும் தைமஸ் சுரப்பியின் நிழல் தெரிகிறதா என்றும் பார்ப்பார்கள். இந்த வயதில் அது பெரிதாகத் தெரியவேண்டும். லிம்போசைட் சரியாக இருந்தால் சிட் பெரும்பாலும் இல்லை எனலாம், மற்ற இரண்டு வகையையும் அது தள்ளிவிடாது. சந்தேகம் நீடித்தால் லிம்போசைட்டுகளை வகை பிரித்து எண்ணும் சோதனையும், கிருமியை விழுங்கும் அணுக்கள் அதைக் கொல்கின்றனவா என்று பார்க்கும் சோதனையும் இருக்கின்றன. வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் இதற்கென்றே அனுபவமுள்ளவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு அவசரம் உண்டு. உங்கள் கணக்குப்படி பதினான்காவது வாரத் தடுப்பூசி அடுத்த புதன்கிழமை வாக்கில் வரும். அன்று கொடுக்கும் ரோட்டா சொட்டும் போலியோ சொட்டும் உயிருள்ள தடுப்பு மருந்துகள். ரத்தத்தின் முடிவு வரும்வரை அந்த இரண்டு சொட்டையும் தள்ளிவைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டு, அவர் சொன்னதை நர்ஸம்மாவிடம் சொல்லுங்கள். கையிலும் தொடையிலும் போடும் மற்ற ஊசிகள் உயிரற்றவை. அவற்றை நிறுத்த வேண்டாம். ரத்தம் ஏற்ற வேண்டிய நிலை வந்தால் கதிர்வீச்சு செய்த ரத்தம்தான் வேண்டும் என்பதையும் டாக்டருக்கு நினைவூட்டுங்கள்.

குறைபாடு இருப்பது உறுதியானால் வழி இல்லாமல் இல்லை. பரவிய பிசிஜிக்கு டி.பி. மருந்துகளே சிகிச்சை, ஆனால் பைரசினமைடு தவிர. மாட்டுக் கிருமியின் வழியில் வந்ததால் பிசிஜிக்கு அந்த மருந்து பிறவியிலேயே பலிக்காது, வழக்கமான டி.பி. மருந்துத் தொகுப்பில் அது இருப்பதால் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிட்டுக்கு முழுத் தீர்வு எலும்பு மஜ்ஜை மாற்று. நோய்த்தொற்று வருமுன் செய்தால் பிழைக்கும் வாய்ப்பு மிக நல்லது. செலவு பெரிது. இந்திய அரசின் 2021-ஆம் ஆண்டு அரிய நோய்க் கொள்கையில் சிட்டும் இடம்பெற்றிருக்கிறது. உதவிக்கு எங்கே எழுதுவது என்று அந்த மருத்துவமனையிலேயே கேளுங்கள்.

மற்ற அரிய சிக்கல்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எலும்பில் பிசிஜி: மாதங்கள் கழித்து, ஒரு காலை அசைக்காமலோ நொண்டியோ வரும் பிள்ளை. பின்லாந்திலும் சுவீடனிலும் 1970-களில் பிசிஜிக் கிருமியின் ஒரு குறிப்பிட்ட வகையால் இது கூடி, பிறகு அந்த நாடுகளே எல்லாப் பிள்ளைக்கும் போடுவதை நிறுத்தின. எச்.ஐ.வி. தொற்றிய பிள்ளைக்குக் கூட்டு மருந்து தொடங்கி நிலை சீரான பிறகே பிசிஜி. மூட்டு வாதத்துக்கோ குடல் நோய்க்கோ இன்ஃப்ளிக்சிமாப் போன்ற ஊசியைக் கர்ப்பத்தில் போட்டுக்கொண்ட தாயின் பிள்ளைக்குப் பல மாதம் தள்ளித்தான் போடவேண்டும். தெரியாமல் போட்டதால் பிரிட்டனில் ஒரு பிள்ளை இறந்தது 2010-இல் பதிவானது. இன்னொன்று, இது சிக்கலில்லை, ஆனால் தெரிந்திருப்பது நல்லது: ஆறிப்போன பிசிஜித் தழும்பு ஐந்து நாள் காய்ச்சலோடு திடீரென்று சிவந்து வீங்கினால் அது கவாசாகி நோயாக இருக்கலாம். இதயத்தின் ரத்தக்குழாயைத் தாக்கும் நோய் அது, அன்றைக்கே காட்டவேண்டும்.

கடைசிக் கேள்வி, இனிப் பிறக்கிற பிள்ளைக்கு. இந்த ஊசிக்கு எதிர்ப்பு புதிதில்லை. 1955-இல் ராஜாஜியே இதை எதிர்த்து எழுதினார், பேசினார். 1968-இல் செங்கல்பட்டில் தொடங்கிய பெரிய ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் டி.பி.யை இது தடுக்கவில்லை என்று காட்டியது, அது உண்மை. ஆனால் பச்சைப் பிள்ளையின் மூளை உறையில் வரும் டி.பி.யையும் உடம்பெங்கும் தினை போலத் தெறிக்கும் டி.பி.யையும் சுமார் முக்கால் பங்கு தடுக்கிறது. மூளை உறை டி.பி. வந்து பிழைத்த பிள்ளைகளை, பார்வை போய், கை கால் விறைத்து, தாய் இடுப்பிலேயே ஏழு வயது வரை சுமந்ததை வார்டில் நான் பார்த்திருக்கிறேன். இருமுகிற தாத்தா ஒரே அறையில் படுக்கிற வீடுகள் நம் பக்கம் இன்னும் இருக்கின்றன. அதனால் ஊரில் யாரும் உங்கள் பையனின் கட்டியைக் காட்டி ஊசியை மறுக்கக் கூடாது.

உங்கள் பையனின் சோதனைகள் சரியாக வந்து, குறைபாடு இல்லை என்று டாக்டரும் சொல்லிவிட்டால் அடுத்த பிள்ளைக்குத் தயங்காமல் போடுங்கள். குறைபாடு தெரிந்தால் அடுத்த பிள்ளைக்குப் பிறந்தவுடன் ரத்தம் எடுத்துப் பார்த்து, முடிவு வந்த பிறகு போடலாம். பிசிஜிக்கு ஒரு வயது வரை நேரம் இருக்கிறது, சில வாரம் பொறுப்பதில் நஷ்டமில்லை. கட்டி வந்ததை உங்கள் கிராம சுகாதார நர்ஸிடம் பதியச் சொல்லுங்கள், தடுப்பூசிக்குப் பின் வரும் இப்படிப்பட்டவற்றைப் பதிவது அவர் வேலை. ஹைகிரவுண்டுக்குப் போகும்போது தாய் சேய் அட்டையோடு, மூத்தவன் படுத்திருந்த ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டுகள் ஏதாவது டிரங்குப் பெட்டியில் இருந்தால் அவற்றையும் எடுத்துப் போங்கள். அவனுக்கு அன்றைக்கு எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாள் கிடைத்தால், அதில் லிம்போசைட் எவ்வளவு என்று இளையவனின் டாக்டர் பார்க்கட்டும்.